கேட்டைத் திறங்கய்யா!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. அம்பத்தூரில் ஏதோ ஒரு ஃப்ளாட். மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி இன்னும் செரிக்கவில்லை. டிவியில் நூறாவது தடவையாக ஓடும் படத்தை அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். பையன் செல்போனுக்குள் தலையை விட்டு ரெண்டு மணி நேரம் ஆகிறது. பொண்ணு "போரடிக்குதும்மா" என்கிறாள். அம்மா கேட்கிறார்: "ஏங்க, எங்கயாவது வெளியில போலாமா?"

இந்தக் கேள்விக்கு மேற்குச் சென்னையில் மொத்தம் மூன்று பதில்தான். மால். கோயில். ஹோட்டல். மெரினா என்று பையன் ஆரம்பிப்பான். போக ஒன்றரை மணி நேரம், வர ரெண்டு மணி நேரம் என்று அப்பா அதை முளையிலேயே கிள்ளிவிடுவார். கடைசியில் மால்தான் ஜெயிக்கும். பார்க்கிங்குக்கு ஒரு காசு, பாப்கார்னுக்கு ஒரு காசு, எஸ்கலேட்டரில் ஏறி இறங்கி, கண்ணாடிக்குள் இருக்கும் சட்டையைப் பார்த்து, விலைச்சீட்டைத் திருப்பி, மறுபடி தொங்கவிட்டு, ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து "அப்பாடா" என்று விழுவார்கள். குடும்பத்தோடு வெளியே போய் வந்தாயிற்று!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஃப்ளாட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஏரி இருக்கிறது. அம்பத்தூர் என்றால் அம்பத்தூர் ஏரி. கொரட்டூர் என்றால் கொரட்டூர் ஏரி. அயப்பாக்கத்துக்கு ஒன்று, திருநின்றவூருக்கு ஒன்று, ஆவடிக்காரர்களுக்குப் பருத்திப்பட்டு, பூந்தமல்லிக்காரர்களுக்குக் கடல் மாதிரி செம்பரம்பாக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை. மேடாக, நீளமாக, ஒரு பக்கம் தண்ணீரும் காற்றுமாக. நடப்பதற்கென்றே யாரோ கட்டி வைத்த மாதிரி இருக்கும். அந்தப் பையன் இன்றுவரை அதன் மேல் ஏறியிருக்கிறானா? இல்லை. அவனைப் பொறுத்தவரை ஏரி என்பது ட்ரெயின் ஜன்னலில் பச்சையாக ஓடி மறையும் ஒரு சமாச்சாரம். அல்லது மழை வந்தால் டிவி செய்தியில் வரும் பெயர்.

ஒரு ஊரில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பத்தாவதும் முடித்துவிட்டு, அந்த ஊரின் ஏரிக்கரையில் அரை மணி நேரம் கூட நடந்ததில்லை என்றால் அது பையனின் குற்றமில்லை. அவனை விடவில்லை. கம்பி வேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டு மாட்டி, "அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்" என்று போர்டும் வைத்தாயிற்று. பிறகு "இந்தக் காலத்துப் பசங்க வீட்டை விட்டே வர மாட்டேங்குதுங்க" என்று புலம்பல் வேறு!

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாமே அதில் அடக்கம். 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அப்படித்தான். இங்கிலாந்திலும் வடமேற்கில் ஒரு 'ஏரி மாவட்டம்' இருக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்ட் என்பார்கள். 1951-ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2017-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. உலகம் முழுவதிலிருந்தும் அங்கே நடப்பதற்காகவே ஆட்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். நடப்பதற்கு! டிக்கெட் எடுத்து, ஷூ வாங்கி, மழைக்கோட்டு வாங்கி, ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறார்கள். இங்கே இருக்கும் ஏரி மாவட்டத்தில் ஏரியைப் பார்க்க வேண்டுமானால் பைபாஸ் மேம்பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் போலீஸ் விசில் அடிப்பார்.

"அது வெள்ளைக்காரன் ஊர், அவன் பணக்காரன், அவனுக்கு இடம் இருக்கு" என்று ஒரு வாதம் உடனே வரும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பாதைகளை யாரும் பெரிய மனது பண்ணி தூக்கிக் கொடுக்கவில்லை. டெர்பிஷயரில் கிண்டர் ஸ்கௌட் என்று ஒரு மேட்டுநிலம். ஒரு பிரபுவுக்குச் சொந்தம். பறவை சுடுவதற்காகப் பூட்டி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களும் வேலையில்லாத பையன்களுமாக நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டுமென்றே அதற்குள் நடந்தார்கள். வாரம் முழுக்க ஆலைப் புகை. ஒரு ஞாயிறாவது நல்ல காற்று வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. ஐந்து பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். நடந்ததற்கு ஜெயில்!

ஆனால் அது அதோடு முடியவில்லை. 1949-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டமும் பொதுமக்கள் காலங்காலமாக நடந்துவந்த பாதைகளைக் கணக்கெடுத்து அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது. அந்த வரைபடத்தில் கோடு இருந்தால் முடிந்தது கதை. நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி, நடக்க உரிமை உண்டு. இன்றைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர். ஊர் எல்லையில் ஒரு மரக்கம்பம், அதில் மஞ்சள் அம்புக்குறி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒருவருடைய கோதுமை வயல், இன்னொருவருடைய மாட்டுத் தொழுவம், சர்ச்சின் கொல்லைப்புறம் எல்லாம் தாண்டி மறுபடி புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுதுவிட்டால் 14 நாளுக்குள் அவரே பழையபடி சரிசெய்து தர வேண்டும். 2000-ல் இன்னொரு சட்டம் போட்டு மலை, மேட்டுநிலம், பொது மேய்ச்சல் நிலம் இவற்றிலும் காலாற நடக்கலாம் என்றார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு அப்பா, பின்னால் நாயைப் பிடித்துக்கொண்டு பாட்டி. இந்தக் காட்சிக்குப் பின்னால் இவ்வளவு சண்டை இருக்கிறது.

அங்கே தனியார் வயலுக்குள்ளேயே நடக்க உரிமை. இங்கே என்ன கேட்கிறார்கள்? அரசாங்கத்துக்கே சொந்தமான ஏரிக்கரை மேல் நடக்க விடுங்கள் என்றுதான். 1905-ம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றைக்கும் செல்லுபடியாகிறது. பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள், ஆறுகள், ஓடைகள், ஏரிகள் எல்லாம் அரசின் சொத்து என்று அதன் ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறது. பாதைகள் என்ற வார்த்தையைக் கவனிக்கவும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேட்டைப் புரட்டினால் 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்று சர்வே எண்ணோடு இருக்கும். புல வரைபடத்தில் கோடும் இருக்கும். இங்கிலாந்துக்காரன் 1949-ல் உட்கார்ந்து தயாரித்த வரைபடம் இங்கே தாலுகா ஆபீஸ் பீரோவில் தூங்குகிறது. அந்த வண்டிப்பாதையைத் தேடிப் போனால்தான் சங்கடம். முக்கால்வாசி இடத்தில் ஒரு காம்பவுண்டு சுவர் நிற்கும், அல்லது மினரல் வாட்டர் கம்பெனியின் கேட்.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.

முதல் வாதம், வெயில். "இந்த வேகாத வெயில்ல எவன் சார் குடும்பத்தோட நடப்பான்?" திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் செருப்பில்லாமல் நடப்பது யார்? இதே அம்பத்தூர், ஆவடி குடும்பம்தான். ஆடி மாதம் பெரியபாளையத்துக்கு மஞ்சள் புடவையோடு ராத்திரி முழுக்க நடப்பதும் அவர்கள்தான். காணும் பொங்கலன்று மெரினாவில் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் வருகிறது, ஆயிரக்கணக்கில் போலீஸ் நிற்கிறார்கள். குடும்பத்தோடு வெளியே போய் நடக்க வேண்டும், கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை இந்த ஜனங்களுக்கு இல்லை என்று யார் சொன்னது? சாமி பெயரைச் சொன்னால் பாதை திறக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மார்கழியிலிருந்து மாசி வரை காலை ஆறு மணிக்கு இந்த ஏரிகளில் அடிக்கும் காற்றுக்கு ஏசி பிச்சை வாங்க வேண்டும். சித்திரையில் மத்தியானம் ஒரு மணிக்கு நடக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ரெண்டாவது வாதம், பாதுகாப்பு. "ஏரிக்கரையா? குடிகாரனுங்க உட்கார்ந்திருப்பானுங்க, பாம்பு இருக்கும், பொம்பளைங்க எப்படிப் போறது?" இது நியாயமான பயம்தான், ஊதித் தள்ள முடியாது. ஆனால் காரணமும் காரியமும் இங்கே தலைகீழாக நிற்கின்றன. யாருமே போகாத இடத்துக்குத்தான் பாட்டிலோடு ஆள் போவான். காலையும் மாலையும் ஐம்பது குடும்பங்கள் நடமாடும் இடத்தில் அவன் உட்கார மாட்டான், வெட்கமாக இருக்கும். வேலி போட்டதால் குடிகாரன் நின்றானா? அவன் வேலியைத் தாண்டிப் போகிறான். வேலி நிறுத்தியது அம்மாவையும் குழந்தையையும் மட்டும்தான். பாம்பும் அப்படியே. வேலிக்காத்தான் முள் புதர் மண்டிக் கிடக்கும் இடத்தில்தான் பாம்பு. ஆள் நடந்து தேய்ந்த பாதையில் அது படுத்துக்கொண்டிருக்காது.

மூன்றாவது, நாற்றம். இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

அம்பத்தூர், கொரட்டூர், ரெட்டேரி மூன்றும் ஒரு சங்கிலி. அம்பத்தூர் நிரம்பினால் கொரட்டூருக்கு, அது நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்கு. பழைய ஆட்கள் போட்ட கணக்கு. மதகு எங்கே, கலங்கல் எங்கே, போக்குக்கால்வாய் எங்கே என்று அன்றைக்கு ஊரில் சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும். அவன் அதில்தான் குளித்தான், அதன் மேல்தான் மாடு ஓட்டினான். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வயல் போயிற்று, ஆயக்கட்டு போயிற்று, மதகைத் திறக்க வேண்டிய வேலையே போயிற்று. ஏரியைப் பார்க்க வேண்டிய அவசியமே ஊருக்கு இல்லாமல் போனது. யாரும் பார்க்காத தண்ணீரில் என்ன செய்வார்கள்? சாக்கடையை விட்டார்கள். மழைநீர்க் கால்வாய் என்ற பெயரில் கழிவுநீர் வந்தது. ஆகாயத்தாமரை மூடியது.

கொரட்டூரில் இதைத் தட்டிக் கேட்டது யார்? ஏரியைச் சுற்றிக் குடியிருந்த சாதாரண மக்கள். கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்று சேர்ந்து, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரைக்கும் வழக்கைக் கொண்டுபோனார்கள். கரைக்குப் போய் வந்துகொண்டிருந்த ஆட்களுக்குத்தான் எந்தக் குழாய் வழியாக என்ன வருகிறது என்று தெரிந்திருந்தது. ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தார்கள். நாற்றம் போனபிறகு திறக்கலாம் என்று காத்திருந்தால் நாற்றமும் போகாது, கேட்டும் திறக்காது. ஆயிரம் மூக்கு தினமும் அந்த வழியாகப் போக வேண்டும். அப்புறம் பாருங்கள், எந்த லாரி ராத்திரியில் வந்து எதைக் கொட்டுகிறது என்று மறுநாளே ஊருக்குத் தெரியும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்தபோது அடையாற்றுக் கரையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஏரிக்கும் தங்கள் தெருவுக்கும் சம்பந்தம் இருப்பது தெரிந்திருந்தது? 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி என்று இப்போது எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குள்ளும் கொரட்டூர் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தபோது மறுபடி அதே முழி. "எங்கிருந்து சார் வருது இவ்வளவு தண்ணி?" கலங்கலிலிருந்து வருகிறது. ஞாயிறு தோறும் குழந்தையோடு அந்தக் கலங்கல் மேல் நடந்திருந்தால் போக்குக்கால்வாய் மூன்று வருடமாக அடைத்துக் கிடப்பது கண்ணில் பட்டிருக்கும். படகு வரும்வரை மொட்டைமாடியில் நிற்க வேண்டி வந்திருக்காது.

நாலாவதாக வருவது வாதம் இல்லை, ஒரு பெருமை. "அதான் பார்க் கட்டிக் குடுத்திருக்கோமே!"

ஆமாம், பருத்திப்பட்டு ஏரியில் 2019-ல் பசுமைப் பூங்கா திறந்தார்கள். அதைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு அந்த ஏரி இருந்த நிலைமையைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய மாற்றம்தான். நடைபாதை இருக்கிறது, தண்ணீர் தெரிகிறது, கூழைக்கடாவும் நாமக்கோழியும் வருகின்றன. சாயங்காலம் போனால் ஆவடியே அங்கேதான் இருக்கும். தாத்தா பாட்டி, கைக்குழந்தை, கல்யாணமான புதுசு, எல்லாரும். ஜனங்களுக்கு ஆசை இல்லை என்று சொன்ன மேதாவிகளை அங்கே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

ஆனால் பூங்கா வேறு, பாதை வேறு. பூங்காவுக்குக் கேட் உண்டு, திறக்கும் நேரம் உண்டு, மூடும் நேரம் உண்டு, விசில் அடிக்கும் காவலாளி உண்டு. சேத்துப்பட்டு ஏரி மாதிரி இடங்களில் நுழைவுக் கட்டணமும் உண்டு. உள்ளே போய் ஒரு சுற்று சுற்றி அதே கேட் வழியாக வெளியே வர வேண்டும். செக்குமாடு மாதிரி. வெளியே கால் வைத்தால் ஆவடி–பூந்தமல்லி சாலை. அங்கே நடப்பவனுக்கு லாரிதான் துணை. ஏரியிலிருந்து கூவம் பக்கத்தில்தான் ஓடுகிறது. ஏரியின் உபரிநீரே அங்கேதான் போய்ச் சேருகிறது. கூவம் என்றதும் மூக்கைப் பொத்த வேண்டாம். நேப்பியர் பாலத்துக் கூவம் வேறு, நகரத்துக்குள் நுழையும் முன் பருத்திப்பட்டுப் பக்கத்துக் கூவம் வேறு. மழை முடிந்த கையோடு போய்ப் பார்த்தால் அது ஒரு ஆறு என்றே நம்பலாம். அந்தக் கரையோடு கீழே போனால் திருவேற்காடு. சம்பந்தர் பாடிய வேதபுரீஸ்வரர் கோயில், கருமாரியம்மன் கோயில். பருத்திப்பட்டில் புறப்பட்டு ஆற்றங்கரையோடு நடந்து, திருவேற்காட்டில் சாமி கும்பிட்டு, பிரசாதம் சாப்பிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு காலைப் பொழுதுக்கு இதைவிட என்ன வேண்டும்? பாதை மட்டும் கிடையாது. கரை துண்டு துண்டாக நிற்கிறது, நடுவில் ஒருவர் கல்யாண மண்டபம் கட்டியிருப்பார், இன்னொருவர் மண் கொட்டியிருப்பார்.

அம்பத்தூரிலிருந்து கொரட்டூர் வழியாக ரெட்டேரி வரை கால்வாய் ஓரமாக ஒரு பாதை. திருநின்றவூரில் ஏரி காத்த ராமர் கோயிலிலிருந்து ஏரிக்கரையோடு ஒரு பாதை. திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் கொடியிடை அம்மனைப் பார்க்கப் பௌர்ணமிக்கு வருகிற கூட்டத்துக்கு ட்ராஃபிக்கில் திணறாமல் வர ஒரு வழி. இவையெல்லாம் கற்பனைக் கோட்டை இல்லை. தண்ணீர் இந்த வழியாகத்தான் போகிறது, வரைபடத்தில் கோடு இருக்கிறது. தண்ணீர் போகிற இடத்தில் மனுஷனும் நடக்கலாம் என்று ஒரு உத்தரவு போட்டால் போதும். மஞ்சள் பெயின்ட் ஒரு டப்பா என்ன விலை?

அரசாங்கத்துக்கு நடப்பவர்கள் மேல் அக்கறையே இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை வெளியிட்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று. அம்பத்தூர் 2011-லேயே மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அந்த 60 சதவீதத்தை அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் யாராவது பார்த்தால் தகவல் சொல்லவும். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று! திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லியிலிருந்து திருத்தணி தாண்டிப் பள்ளிப்பட்டு வரை, அந்தப் பக்கம் பழவேற்காடு வரை கிடக்கிறது. நடக்கப் போகிற இடத்துக்குக் காரில் போக வேண்டும் போல. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்த்தி என்று. தீர்ப்பைப் பத்திரமாக ஃபைலில் வைத்திருப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஏரி, ஆறு, நடைபாதை என்று பேச்செடுத்ததும் ஜேசிபி முதலில் போய் நிற்பது குடிசைக்கு முன்னால். கூவம் கரையிலிருந்து ஜனங்களை அள்ளிக்கொண்டுபோய் நகரத்தின் மறுமுனையில் பெரும்பாக்கத்தில் இறக்கியதெல்லாம் 'ஆற்றைச் சீரமைக்க' என்றுதான். ஏரியை விழுங்கிய பெரிய வாய் யாருடையது? முகப்பேரில் ஒரு குடியிருப்புக்கு அரசு வைத்த பெயரே 'முகப்பேர் ஏரித் திட்டம்'. ஏரியிலேயே வீடு கட்டி, ஏரி என்று பெயரும் வைத்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். 1920-களில் மாம்பலம் ஏரி தி.நகர் ஆனது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. இவர்கள் ஒரு குடிசைக்காரனைப் பார்த்து "ஏரியை ஆக்கிரமித்தவன்" என்று சொல்லும்போது சிரிப்பு வரவில்லையா? கேட்பது நாலடி அகல மண்பாதை. கரை ஏற்கனவே இருக்கிறது. அதற்கு எந்தக் குடிசையையும் இடிக்க வேண்டியதில்லை. கிரானைட், கலர் விளக்கு, செல்ஃபி பாயின்ட், டைனோசர் பொம்மை எதுவும் வேண்டாம். அதற்கெல்லாம் டெண்டர் விட்டால்தான் இடம் பத்தாமல் போய், கரையை ஏரிக்குள்ளேயே தள்ளிப் போட்டு, இருக்கிற தண்ணீர்ப் பரப்பையும் சுருக்குவார்கள்.

ஆவடியில் ராணுவ நிலத்துக்குள் நடக்க விடு என்று யாரும் கேட்கவில்லை. டாங்கித் தொழிற்சாலைக்குள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போக முடியாதுதான். செம்பரம்பாக்கத்திலும் புழலிலும் ஷட்டர் பக்கம் காவல் இருக்கட்டும், குடிநீர் சமாச்சாரம். ஆனால் மிச்சக் கரை முழுவதும் எதற்குப் பூட்டு? ஷட்டர் திறக்கும் நாளில் பூந்தமல்லி, குன்றத்தூர் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஓடுகிறார்கள், போலீஸ் விரட்டுகிறது. தண்ணீரைப் பார்க்க ஒரு ஜனம் இவ்வளவு ஆசைப்படுகிறது, அதைக் கூட்டம் கலைக்கிற விவகாரமாக்குகிறோமே என்று ஒரு அதிகாரிக்காவது தோன்ற வேண்டாமா?

கழிப்பறை, குடிதண்ணீர், உட்கார நாலு கல் பெஞ்சு. குடும்பம் வர வேண்டுமானால் இந்த மூன்றும் வேண்டும். முக்கியமாகக் கழிப்பறை. அது இல்லாத இடத்துக்குப் பெண்கள் ரெண்டாவது தடவை வர மாட்டார்கள். பட்ஜெட் பேசும் ஆண்கள் யாருக்கும் இது தோன்றுவதே இல்லை. குழந்தைக்கு எந்தப் பறவைக்கு என்ன பெயர் என்று ஒரு போர்டு இருந்தால் இன்னும் நல்லது. முக்குளிப்பான் முங்கி எந்தப் பக்கம் எழும் என்று பந்தயம் கட்டினால் ஒரு மணி நேரம் செல்போன் ஞாபகமே வராது.

கடைசியாக ஒரு பழைய கணக்கு. 1858-ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தான். கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடைகிற ஆபத்து வந்தால் ஊர் ஆட்கள் வந்து மண் சுமக்க வேண்டும், வழக்கமான குடிமராமத்து வேலையைத் தட்டிக் கழிக்கக் கூடாது. வராவிட்டால் தண்டனை. அதற்கு எத்தனையோ நூறு வருடங்களுக்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் கூடை கூடையாக அந்த மண்ணைச் சுமந்தார்கள். அம்பத்தூர்க் கரையும் திருநின்றவூர்க் கரையும் அப்படித்தான் உயர்ந்தன. அன்றைக்குக் கரைக்கு வராவிட்டால் குற்றம். இன்றைக்கு அதே கரைக்கு வந்தால் குற்றம்.

ஆனாலும் எந்த ஏரிக்குப் போனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். கேட் பூட்டியிருக்கும், போர்டு தொங்கும், அதிலிருந்து பத்தடி தள்ளிக் கம்பி வேலியில் ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதற்குள்ளே போகிற ஒற்றையடிப் பாதை புல் முளைக்காமல் தேய்ந்து கிடக்கும். அடைத்தால் அடுத்த வாரம் இன்னொரு ஓட்டை. ஆபீஸர்கள் செலவில்லாமல் சர்வே எடுக்க வேண்டுமா? அந்த ஓட்டைகளை எண்ணினால் போதும்.